திருவையாற்றுக்கு நோட்டோடு போங்க

கும்பகோணத்துக்காரன் நான். பஸ் ஏறினால் திருவையாறு எட்டிப் பிடிக்கிற தூரம்தான், ஆனாலும் கர்நாடக இசை மேதை தியாகராஜரின் நினைவாக அங்கே வருஷா வருஷம் நடக்கிற ஆராதனையை நாற்பது வயது வரைக்கும் டிவியில்தான் பார்த்தேன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இந்தத் தடவை மூணு நாள் பந்தலிலேயே கிடந்தேன்.

முதலில் ஒரு விஷயம். சென்னை மார்கழிக் கச்சேரி மாதிரி நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துவிடுவீர்கள். டிக்கெட் கிடையாது, பெரிய வித்வானுக்கும் சில நிமிஷம்தான், நேற்று அரங்கேறிய பிள்ளைக்கும் அதேதான். ராகம் களைகட்டும் நேரத்தில் அடுத்தவர் தம்புராவோடு மேடை ஓரத்தில் நிற்பார். எனக்கு முதல் நாள் முழுக்க எரிச்சல்தான். இரண்டாம் நாள் பழகிவிட்டது, அப்புறம் அதுவே பிடித்துப்போனது.

பஞ்சரத்னம், அதாவது தியாகராஜரின் ஐந்து பெரிய கிருதிகளை எல்லோரும் சேர்ந்து பாடுகிற நாள். அதற்கு முதல் ராத்திரி தஞ்சாவூரில் ஒரு லாட்ஜில் தங்கினேன். வாடகை மட்டும் சூடு, வெந்நீர் இல்லை. விடியற்காலை டவுன் பஸ்ஸில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று பாலம் பாலமாகத் தாண்டி, கடைசியில் காவிரி. 13 கிலோமீட்டர்தான், ஜன்னலோரம் கிடைத்தால் தூங்காதீர்கள்.

பஞ்சரத்னம் 9 மணிக்கு. வித்வான்கள் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பாட, பந்தலில் இருக்கிற எல்லோரும் சேர்ந்துகொள்கிறார்கள். டிவியில் தெரியாத ஒன்று இங்கே காதில் விழுந்தது. ஐந்தும் ஐந்து ராகம். முதலில் வருகிற நாட்டை ராகத்தில் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சத்தம். கௌளையில் சரணம் வரவர நம்ம பக்கம் குரல் மெலிகிறது, வாய் மட்டும் அசைகிறது. ஆரபியில் 'சாதிஞ்செனே' திரும்பி வரும்போதெல்லாம் எல்லோருக்கும் உயிர் வருகிறது. வராளியை குரு நேராகச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று ஒரு நம்பிக்கை உண்டே, அதனாலோ என்னவோ அங்கே முன்வரிசை மட்டும்தான் பாடுகிறது. ஸ்ரீ ராகத்து 'எந்தரோ' வந்ததும் சமோசா விற்கிறவர் வரைக்கும் பாட்டு.

என் பக்கத்தில் தில்லைஸ்தானத்துப் பாட்டி ஒருத்தர். மடியில் அட்டை கிழிந்த நாற்பது பக்க நோட்டு, தெலுங்கு சாகித்யம் தமிழ் எழுத்தில், ஒவ்வொரு க-வுக்கும் த-வுக்கும் பக்கத்தில், எந்த உச்சரிப்பு என்று காட்ட, பொடிசாக 2, 3, 4. அந்தப் பக்கம் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பெண், பன்னிரண்டு வயசு இருக்கும், கையில் டேப்லெட். 1978-லிருந்து கிளீவ்லாந்தில் இதே ஆராதனை நடக்கிறது, வருஷா வருஷம் அங்கே பாடுகிறவளாம். பாட்டி கேட்டார்: "ஏம்மா, அங்கயும் ஆறு உண்டா?" அவள் யோசித்துவிட்டு, "ஏரி இருக்கு பாட்டி, பெரிசா." "அது போதும்" என்றார் பாட்டி.

குறை சொல்லணும் என்றால் போன்தான். எனக்கு முன்னால் உட்கார்ந்தவர் இரண்டு கையாலும் போனைத் தூக்கிப் பிடித்தபடி அஞ்சு கிருதியையும் எடுத்து முடித்தார், ஒரு வரி பாடவில்லை. தூண் ஓரமாக இடம் பிடியுங்கள், மறைக்க ஆள் இருக்காது.

கூட்டம் கலைந்த பிறகு பெங்களூர் நாகரத்தினம்மாள் சமாதிக்கும் போய்விட்டு வாருங்கள். தியாகராஜர் சமாதிமேல் இருக்கிற கோயிலைச் சொந்தக் காசில் கட்டியவர், பெண்கள் இங்கே பாடக்கூடாது என்று இருந்தபோது 1920களின் கடைசியில் பெண்களைத் தனியாகச் சேர்த்துப் பாடவைத்தவர். 1952-ல் காலமானார். அந்த அமெரிக்கப் பெண் பந்தலில் உட்கார்ந்து பாட முடிந்ததற்கு இவர்தான் காரணம், ஆனால் நான் போனபோது அங்கே நின்றது மூணே பேர்.

திரும்பும் வழியில் அசோகா அல்வா வாங்காமல் வந்தால் வீட்டில் சேர்க்க மாட்டார்கள். பாசிப்பருப்பும் நெய்யும், இலைத்துண்டில் சூடாக, கையில் ஒட்டும்.

பாட்டியின் நோட்டைப் பார்த்து வராளியை மட்டும் எழுதிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவசரத்தில் 2, 3, 4 ஒன்றையுமே போடவில்லை.