ரத்தக் குழாய் வலை: அடர்த்திச் சமன்பாடா, செல் செல்லாகவா?

ரத்தக் குழாயின் உட்சுவர் செல்களை மேட்ரிஜெல் என்ற கூழின் மேல் தூவிவிட்டால், ஒரு நாளுக்குள் அவை தாமாகவே வலையாகக் கோத்துக்கொள்கின்றன. ஏன் வலை, ஏன் உருண்டைத் திட்டுகள் இல்லை? இதைக் கணினியில் ஆராய இரண்டு வழிகள் போட்டி போடுகின்றன.

ஒன்று, செல்களை எண்ணாமல் அவற்றின் அடர்த்தியை மட்டும் சமன்பாட்டில் வைப்பது. காம்பா, செரினி, பிரெசியோசி உள்ளிட்ட இத்தாலியக் குழு 2003இல் செய்தது இதுதான். செல்கள் ஒரு வேதிப்பொருளைச் சுரக்கின்றன. அது பரவிச் சிதைகிறது. அது செறிந்த பக்கம் செல்கள் நகர்கின்றன. அந்த வேதிப்பொருளின் பரவல் கெழு (எவ்வளவு விரைவாகப் பரவும் என்ற அளவு) நொடிக்கு 10 சதுர மைக்ரோமீட்டர், ஆயுள் சுமார் ஒரு மணி நேரம் என்று வையுங்கள். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால், சிதையும் முன் அது போகும் தூரம் சுமார் 190 மைக்ரோமீட்டர் என்று வரும். ஆய்வுத் தட்டில் வலைக்கண்ணியின் அளவும் ஏறத்தாழ அதுவே! ஆனால் கிளம்பிய திசையிலேயே செல் தொடர்ந்து போகும் என்று இந்தச் சமன்பாடு வைக்கும் எடுகோள்தான் இடிக்கிறது. பிசுபிசுப்பான சூழலில் செல்லுக்கு ஏது உந்தம்?

மற்றது, கிரானரும் கிளேசியரும் 1992இல் கொண்டுவந்த செல்லுலார் பாட்ஸ் மாதிரி. இதில் ஒரு செல் என்பது பல கட்டங்கள் சேர்ந்த திட்டு. எல்லையில் ஒரு கட்டம் பக்கத்துக் கட்டத்தைப் பிடிக்கப் பார்க்கும். செல்களின் ஒட்டுதலையும் அளவையும் வைத்துக் கணக்கிடும் ஆற்றல் அதனால் குறைந்தால் உடனே அனுமதி. கூடினால் எப்போதாவது அனுமதி. ஓட நேரம் பிடிக்கும், திருக வேண்டிய அளவுருக்களும் அதிகம். ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான்.

காரணம், வெறும் வேதி ஈர்ப்பை மட்டும் கொடுத்தால் இதில் திட்டுகள்தான் மிஞ்சுகின்றன. மெர்க்ஸ் என்ற ஆய்வாளரின் குழு இந்த மாதிரியில் செல்களை நீளமாக்கியபோது வலை வந்தது (2006). அப்புறம், செல்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் மட்டும் ஈர்ப்பை அணைத்தபோதும் வந்தது (2008), உருண்டைச் செல்களிலேயே! ஆக, படம் ஒத்துப்போவதால் மட்டும் விதி சரியென்று ஆகிவிடாது. எதையாவது கெடுத்துப் பார்க்க வேண்டும். செல்களை ஒட்டவைக்கும் விஇ-கேட்ஹெரின் புரதம் இல்லாத எலிக் கருக்களில் வலை சரியாக உருவாவதில்லை. தொட்ட இடத்தில் ஈர்ப்பை அணைப்பது இந்தப் புரதம்தான் என்று கொண்டால், பாட்ஸ் மாதிரியில் அந்தத் தொடுகை விதியை நிறுத்திப் பார்க்கலாம். அடர்த்திச் சமன்பாட்டில் தொடுகை என்று ஒன்றே இல்லை, எதை நிறுத்துவது?

ஏற்கெனவே இருக்கும் குழாயிலிருந்து புதுக் கிளை முளைப்பது உங்கள் கேள்வியானால், கிளையின் நுனியில் முன்னே செல்லும் முனைச் செல்லைத் தேர்ந்தெடுக்கும் நாட்ச் சமிக்ஞையும் (பக்கத்துச் செல்கள் தமக்குள் பரிமாறுவது) மாதிரிக்குள் வர வேண்டும்.