பிரிசோவைப் பார்க்க ஒரு நடை: லண்டன் வாலஸ் கலெக்‌ஷன்

லண்டனின் மான்செஸ்டர் சதுக்கத்தில், ஹெர்ட்ஃபோர்டு மாளிகையில் அமைந்துள்ள வாலஸ் கலெக்‌ஷன் அருங்காட்சியகத்துக்கு நான் இரண்டாம் முறை சென்றது ஒரேயொரு ஓவியத்துக்காக. பிரெஞ்சு ஓவியர் ரோசா போனர் 1864இல் தீட்டிய ‘பிரிசோ’ என்னும் நாயின் உருவப்படம் அது. முதல் முறை சென்றபோது, ஃபிரான்ஸ் ஹால்ஸின் ‘சிரிக்கும் குதிரைவீரன்’, ஃபிராகோனாரின் ‘ஊஞ்சல்’ ஆகியவற்றைப் பார்க்கும் ஆவலில் இந்தச் சிறிய படத்தை இரண்டு நிமிடங்களுக்குமேல் பார்க்கவில்லை. அந்தக் குறை மனத்தில் தங்கிவிட்டது.

இடையில் ஓர் இணையக் கடையில் இதன் அச்சுப்படியை வாங்கி ஏமாந்தேன். படம் முழுவதும் மஞ்சள் ஏறியிருந்தது. தனித்தனியாகத் தெரியவேண்டிய முடிக்கற்றைகள் ஒரே பழுப்புத் திட்டாகக் குழைந்திருந்தன. அசலின் உயரம் ஏறத்தாழ 46 சென்டிமீட்டர், அகலம் 38 சென்டிமீட்டர்தான். அந்த அளவை இரு மடங்காக்கி அச்சிட்டிருந்ததால், நெருங்கிப் பார்க்கவேண்டிய ஒரு முகம் விளம்பரத் தட்டியைப்போல ஆகியிருந்தது.

அசலின் முன் நிற்கும்போது முதலில் உணர்வது நெருக்கம். எசமானர் இல்லை, வேட்டைப் பொருள் இல்லை, பின்னணியில் காடோ வயலோ இல்லை. வெறும் சுவரும், அதன்மேல் எழுதியதுபோல் பெரிய எழுத்துகளில் நாயின் பெயரும், அடர்ந்த முரட்டு முடிக்கு நடுவிலிருந்து நம்மைப் பார்க்கும் கண்களும் மட்டுமே உள்ளன. அக்காலத்தில் செல்வர்கள் தங்கள் உருவத்தை வரையச் சொன்னபோது எதிர்பார்த்த அதே மரியாதையைப் போனர் ஒரு நாய்க்கு அளித்திருக்கிறார். அதை மனித முகபாவனை ஏற்றிக் கொஞ்சலாக்கவில்லை என்பதே என் கண்ணுக்கு இந்தப் படத்தின் மிகப்பெரிய சிறப்பு. படத்தின் முழுத் தலைப்பு இதனை இடையனின் நாய் என்றாலும், உருவத்தை வைத்து இது நீர்நாய் வேட்டைக்குப் பழக்கப்பட்ட ஒட்டர்ஹவுண்ட் இனம் என்கிறார்கள். தண்ணீரில் இறங்கும் அந்த இனத்தின் சொரசொரப்பான முடியைத் தூரிகை அப்படியே தொட்டிருக்கிறது. கடலோடிகளைக் காப்பதாகக் கிரேக்கர்கள் நம்பிய, டெலோஸ் தீவில் பெண்கள் வழிபட்ட ஒரு தெய்வத்தின் பெயரும் பிரிசோவே என்பதை அறிந்தபின், பெயர்ப் பொருத்தம் இன்னும் இனித்தது.

இத்தனை துல்லியம் எளிதில் வந்ததன்று. விலங்குகளின் உடலமைப்பை அறிய இறைச்சிக்கூடங்களுக்கும் குதிரைச் சந்தைக்கும் சென்ற போனர், அங்கே தொல்லையின்றி வேலை செய்வதற்காக, அக்காலத்தில் பெண்கள் காற்சட்டை அணியத் தேவைப்பட்ட அனுமதியைப் பாரிஸ் காவல்துறையிடம் பெற்றிருந்தார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள, 5 மீட்டர் அகலமுள்ள ‘குதிரைச் சந்தை’ அவருக்குப் புகழைத் தேடித் தந்தது. பிரிசோவைத் தீட்டிய மறு ஆண்டில், 1865இல், பிரான்சின் லெஜியன் ஆஃப் ஹானர் விருதைப் பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதல் பெண் ஓவியர் அவரே. ஆயினும், அந்தப் பெரிய ஓவியத்தின் ஆரவாரத்தைவிட இந்த ஒற்றைத் தலையின் அமைதியையே நான் மேலாக வைப்பேன்.

அருங்காட்சியகத்தைப் பற்றிச் சொல்வதானால், நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை. சீமாட்டி வாலஸ் 1897இல் நாட்டுக்கு எழுதிவைத்த இச்சேகரிப்பு 1900 முதல் மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கிறது. மாளிகை வீடாக இருந்த தன்மை இன்னும் மாறாததால், பெரிய அருங்காட்சியகங்களில் வரும் களைப்பு இங்கே வருவதில்லை. பான்ட் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். படங்களை இடம் மாற்றுவதுண்டு என்பதால், புறப்படுமுன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பிரிசோ எந்த அறையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். புகழ்பெற்ற படங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கண்கள் களைக்காத முதல் அரை மணி நேரத்தை இந்த நாய்க்குக் கொடுங்கள்.