நியூ ஆர்லியன்ஸ் டிராம்: பச்சையா, சிவப்பா?

நியூ ஆர்லியன்ஸில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு மதியம். செயின்ட் சார்ல்ஸ் அவென்யூவில் ஓடும் பச்சை டிராமா, கனால் தெருவின் சிவப்பு டிராமா என்று யோசித்து, பச்சையில் ஏறினோம். அடுத்த முறை போனாலும் அதில்தான் ஏறுவேன்.

கட்டணம் இரண்டிலும் ஒன்றுதான். சிவப்பில் ஏசி உண்டு, சக்கர நாற்காலியை ஏற்றும் வசதி உண்டு. நாற்காலியில் வருபவர் உடன் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், சிவப்புதான். பச்சையில் ஜன்னலைத் திறந்து காற்று வாங்க வேண்டும். நாங்கள் போனது நவம்பர். ஆகஸ்ட் புழுக்கத்திலும் இதையே சொல்வேனா என்றால், உறுதியில்லை.

சிவப்பும் பார்க்கப் பழைய வண்டி போலத்தான் இருக்கும். ஆனால் வயது வேறு. பச்சை வண்டிகள் 1923-24இல் வட கரோலினாவின் ஹை பாயின்ட் ஊரில் பெர்லி தாமஸ் தொழிற்சாலை செய்தவை. அதே கம்பெனிதான் பிற்பாடு பள்ளிப் பேருந்து செய்யப் போனது. தடம் இன்னும் பழையது: 1835இல் தொடங்கி, 1893இல் மின்சாரத்துக்கு மாறியது. கடைசி நிறுத்தத்தில் வண்டி திரும்புவதில்லை. ஓட்டுநர் மறுமுனைக்குப் போய்விடுவார். மர இருக்கையின் முதுகுப் பலகையை மறுபக்கம் தள்ளினால் போதும், பயணிகள் போகும் திசையைப் பார்த்து உட்காரலாம்.

என்னைப் பச்சையின் பக்கம் சாய்த்தது பராமரிப்பு. 1964இல் கனால் தெருவில் டிராமை நிறுத்திவிட்டுப் பேருந்து விட்டார்கள். செயின்ட் சார்ல்ஸுக்கென்று 35 பச்சை வண்டிகள் மட்டும் மிஞ்சின. நாற்பது ஆண்டு கழித்து, 2004 ஏப்ரலில், 24 புதிய சிவப்பு வண்டிகளோடு கனால் தடம் திரும்பி வந்தது. ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை, கத்ரீனா புயல். வண்டிகள் நிற்கும் கொட்டகைக்குள் வெள்ளம் புகுந்து சிவப்பு வண்டிகளின் மோட்டாரும் மின்னணுச் சாதனங்களும் பாழாயின. பச்சை வண்டிகள் காரல்டன் கொட்டகையில் நனையாமல் நின்றன. அவை தப்பியது மேட்டில் நின்றதால்தான். அதற்கும் வண்டியின் அமைப்புக்கும் சம்பந்தமில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அப்புறம் நடந்ததைப் பாருங்கள். செயின்ட் சார்ல்ஸில் டிராமுக்கு மின்சாரம் தரும் மேல்கம்பிகள் அறுந்து கிடந்ததால், அந்த எண்பது வயது வண்டிகளை 2005 டிசம்பரில் கனால் தடத்தில் ஓட்டினார்கள். ஓடின. சிவப்பு வண்டிகளுக்கோ அடிப்பாகத்தையே புதிதாகப் போட வேண்டியிருந்தது, வருடக்கணக்கில். நேர்மின்சார மோட்டார், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி, காற்று பிரேக் என்று எளிமையாக இருப்பதை உள்ளூர்ப் பட்டறையே பிரித்து மாட்டிவிட முடிகிறது. நூறு வயதைத் தாண்டியும் ஓட வைப்பது அதுதான் என்பது என் கணிப்பு.

கனாலும் கரோண்டலெட்டும் சந்திக்கும் முனையில் ஏறுங்கள். தடம் தொடங்கும் இடம் அது, ஜன்னலோரம் கிடைக்கும்.