காரில் மறைந்திருந்த வசதிகளைத் திறந்து நாலு வருஷம்: வாரண்டி என்ன ஆனது?

2021-ல் வாங்கிய ஐரோப்பியக் கார். கம்பெனி பெயர் வேண்டாம், கொஞ்சம் மனஸ்தாபம் இருக்கிறது. ஆறாவது மாதமே ஸ்டீயரிங்குக்குக் கீழே, கோளாறு பார்க்க மெக்கானிக் லேப்டாப் மாட்டும் ஓபிடி சாக்கெட்டில் தீப்பெட்டி அளவு புளூடூத் அடாப்டரைச் சொருகி, டாப் மாடலுக்கு மட்டும் கொடுத்திருந்த சில வசதிகளை போனிலிருந்தே ஆன் செய்துவிட்டேன். வண்டியை ஸ்டார்ட் செய்தால் மீட்டர் முள் கடைசி வரை போய்த் திரும்பும், அது சும்மா பந்தா. உண்மையில் பயன்பட்டது ஒன்றுதான்: சாவியில் அன்லாக் பட்டனை அழுத்திப் பிடித்தால் நாலு கண்ணாடியும் இறங்கும், மே மாத வெயிலில் நின்ற வண்டிக்குள் ஏறுமுன் அந்த அனல் வெளியே போய்விடும்.

மூன்றாவது வருஷம் இடது பின் கதவின் கண்ணாடி மோட்டார் போனது. சர்வீசுக்கு விடுவதற்கு முந்தைய இரவு எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டேன், புத்திசாலித்தனம் என்று நினைப்பு! அட்வைசர் லேப்டாப்பை மாட்டிவிட்டு, "சார், கதவு மாட்யூலில் வெளிக்கருவி போட்ட பதிவு இருக்கு, இதுக்கு வாரண்டி வராது" என்று திரையைத் திருப்பிக் காட்டினார். செட்டிங்கை மாற்றி வைத்தாலும் கதவை இயக்கும் அந்தச் சின்னக் கம்ப்யூட்டரில் (அதுதான் மாட்யூல்) தடம் போகவில்லை. மோட்டார் தேய்ந்ததற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அரை மணி நேரம் வாதாடினேன், ஒன்றும் நடக்கவில்லை.

ஆனால் அதே விசிட்டில் ஏசி கம்ப்ரசரை ஒரு பேச்சும் பேசாமல் வாரண்டியில் மாற்றிக் கொடுத்தார்கள். அதாவது மொத்த வாரண்டியும் போய்விடவில்லை, கை வைத்த இடத்துக்கு மட்டும்தான் அடி. யூடியூபில் அமெரிக்கர்கள், வெளிப் பொருள் போட்டதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க விடாத மாக்னசன்-மாஸ் சட்டம் இருக்கிறது, பயப்படாதே என்பார்கள். 1975-ல் வந்த அது அவர்கள் ஊர்ச் சட்டம், நம் சர்வீஸ் கவுண்டரில் செல்லாது.

இன்ஜின் ரீமேப், அதாவது பவரைக் கூட்ட இன்ஜின் சாஃப்ட்வேரையே மாற்றுவது, வேறு கதை. ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளில் அது தெரிந்தால் கம்பெனி பதிவில் டிடி1 என்ற குறியீட்டைப் போட்டுவிடுவார்கள், இன்ஜின், கியர்பாக்ஸ் வாரண்டியை மறந்துவிட வேண்டியதுதான். சீட் பெல்ட் அலாரத்தை அணைப்பதையும் செய்யாதீர்கள், 2019 ஜூலையிலிருந்து புதுக் கார்களில் அந்த அலாரம் கட்டாயம். அப்புறம், இப்படி செட்டிங்கை மாற்றும்போது (கோடிங் என்பார்கள்) பேட்டரி பலவீனமாக இருந்தால் பாதியில் நின்று மாட்யூலே குழம்பிவிடலாம், சார்ஜர் மாட்டிவிட்டுச் செய்யுங்கள்.

மோட்டாருக்குக் கைக்காசு போட்டு மாற்றிய அன்று சாயங்காலமே கண்ணாடி இறங்கும் வசதியைத் திரும்ப ஆன் செய்துவிட்டேன். வெயில் அப்படி.