பெயின்டா, கத்தரியா, மாவா, களிமண்ணா? மழலையர் வகுப்புக்கு நான் தேர்ந்தெடுத்தது

நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குக் கைவேலை வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எந்தக் கைவேலை என்பதில்தான் குழப்பம். என் வகுப்பில் 22 பேர். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் 40 நிமிஷம். உதவிக்கு இன்னொருவர் இருக்கிறார். இரண்டு வருஷம் நான்கு வகைகளையும் மாற்றி மாற்றிச் செய்துவிட்டு, போன வருஷம் களிமண்ணை முதன்மையாக வைத்துக்கொண்டேன். மற்ற மூன்றையும் விட்டுவிடவில்லை, ஓரமாக வைத்திருக்கிறேன். ஏன் அப்படி முடிவெடுத்தேன் என்று எழுதுகிறேன்.

விரலுக்குப் பயிற்சி, நிற அறிவு, பொறுமை இதெல்லாம் நான்கிலும் கிடைக்கும். அதை விளக்கத் தேவையில்லை. எனக்கு முடிவைத் தந்தது வேறு ஒரு கணக்கு: 40 நிமிஷத்தில் பிள்ளையின் கை எத்தனை நிமிஷம் வேலை செய்கிறது, என் கை எத்தனை நிமிஷம் வேலை செய்கிறது?

முதலில் வெட்டி ஒட்டும் வேலை. பார்க்க அழகாக இருக்கும், சுவரில் மாட்டலாம், பெற்றோருக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு முயலுக்கு உடம்பு, தலை, இரண்டு காது, வால், மூக்கு என்று ஆறு துண்டு. 22 பேருக்கு 132 துண்டு. அதை முந்தின இரவு வெட்டி வைப்பது நான். வகுப்பில் பிள்ளைகள் செய்வது, நான் சொன்ன இடத்தில் பசை தடவி ஒட்டுவது மட்டும். ஒருநாள் ஒரு பெண் காது இரண்டையும் முயலின் காலடியில் ஒட்டியிருந்தாள். பசை காய்வதற்குள் நான் எடுத்து மேலே ஒட்டிவிட்டேன். சாயங்காலம் எல்லோரும் தங்கள் முயலை எடுத்துக்கொண்டு போனார்கள், அவளுடையது மட்டும் மேஜையிலேயே கிடந்தது. எடுத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டேன். "அது மிஸ்ஸோட முயல்" என்றாள். அன்றைக்குப் பிறகு துண்டுகளை நான் வெட்டி வைப்பதில்லை.

கத்தரி மட்டும் கட்டாயம் வேண்டும். நான்கு வயதில் நேர்கோட்டின் மேல் ஓரளவுக்கு வெட்ட வரும், வளைவுக்கு ஐந்து ஆகிவிடும். எனவே பழைய காகிதத்தை நீளநீளமாகக் கிழித்து வைத்துவிடுகிறேன். நறுக்கித் தள்ளுகிறார்கள். அந்தத் துண்டுகள் என்ன ஆகின்றன என்பது அவர்கள் பாடு.

அடுத்தது பெயின்ட். நிறத்துக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. நீலமும் மஞ்சளும் சேர்ந்து பச்சையாவதைத் தன் தூரிகை முனையில் ஒரு பிள்ளை முதன்முதலாகப் பார்க்கும் நேரத்துக்கு ஈடாக மற்ற மூன்றிலும் ஒன்றும் இல்லை. இதை ஒப்புக்கொண்டுதான் மேலே எழுதுகிறேன்.

சிக்கல் அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. மேலங்கி மாட்ட வேண்டும். கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். தாளின் பின்புறம் பெயர் எழுத வேண்டும். முடிந்ததும் ஈரத் தாள் 22, ஒன்றன்மேல் ஒன்று வைக்க முடியாது. கயிறு கட்டினால் தரையெல்லாம் சொட்டும். அப்புறம் தூரிகைகளைக் கழுவி, கிண்ணங்களைக் கழுவி, கைகளைக் கழுவி, மேஜையைத் துடைக்க வேண்டும். நேரம் பார்த்து எழுதி வைத்தேன். தூரிகை காகிதத்தில் இருந்தது சராசரியாக 12 நிமிஷம். மீதி எல்லாம் ஏற்பாடும் கழுவலும்தான்.

இன்னொன்றும் உண்டு. பெயின்டில் பின்வாங்க முடியாது. இந்த வயதுப் பிள்ளைக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது, தெரியவும் வேண்டாம். பூசுவதே அதற்கு ஆனந்தம். ஐந்தாவது நிமிஷத்தில் அருமையாக இருந்த சூரியன் எட்டாவது நிமிஷத்தில் பழுப்புக் குழம்பாகிவிடும். "போதும், கொடு" என்று தாளைப் பிடுங்க என் கை துடிக்கும். பெயின்ட் கொடுப்பவர்களுக்கு ஒரு யோசனை: ஒரு தடவைக்கு இரண்டு நிறமும் வெள்ளையும் மட்டும் கொடுங்கள், தடித்த தூரிகை, பெரிய தாள். பெயின்டில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்தால் துணியில் பட்டதும் ஓரளவு எளிதாகப் போகும்.

களிமண்ணுக்கு நெருங்கிய போட்டி மாவுதான். இரண்டு கப் கோதுமை மாவு, ஒரு கப் உப்பு, ஒரு கப் தண்ணீர் (கொஞ்சம் கொஞ்சமாக), ஒரு கரண்டி எண்ணெய். பிசைந்தால் தயார். உப்பு அதிகம் இருப்பதால்தான் சீக்கிரம் கெடாமல் இருக்கிறது. கடையில் விற்கும் பிளே-டோவும் மாவு, உப்பு, தண்ணீர் கலவைதான். அது முதலில் பிள்ளைகளுக்காக வந்ததல்ல. அமெரிக்காவில் நிலக்கரி அடுப்புப் புகையால் சுவர்க்காகிதத்தில் படியும் கரியை ஒற்றி எடுப்பதற்காக வந்தது. மழலையர் பள்ளி ஆசிரியை ஒருவர் அதைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்த பிறகுதான் வழி மாறியது. 1956-ல் விளையாட்டுப் பொருளாகக் கடைக்கு வந்தது.

மாவு மென்மையாக இருக்கும், கையில் ஒட்டாது, மூன்று வயதுப் பிள்ளைக்கும் பயமில்லாமல் பிசைய வரும். ஆனால் நிற்காது. யானை செய்தால் கால் மடங்கிப் படுத்துவிடும். அதனால் பிள்ளைகள் சீக்கிரமே எல்லாவற்றையும் தட்டையாக, பலகையின் மேல் படம் வரைவதுபோலச் செய்யப் பழகிவிடுகிறார்கள். சில வாரத்தில் ஒன்று பொடிந்து போகும், இல்லையென்றால் பிசுபிசுத்து வாடை வரும். மறுபடி புதிதாகப் பிசைய வேண்டும். கோதுமை ஒவ்வாமை உள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால் அரிசி மாவுக்கு மாற வேண்டும், அது அவ்வளவு இழுபடாது. உப்பு அதிகம் என்பதால் வாயில் போட்டு விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். அது நிறையத் தின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

பிளாஸ்டிசின் பற்றியும் ஒரு வரி. இங்கிலாந்தின் பாத் நகரில் ஓவியம் கற்பித்த வில்லியம் ஹார்பட், தன் மாணவர்களுக்குக் காயாத மண் வேண்டும் என்று 1897-ல் உருவாக்கியது அது. எண்ணெய்ப் பிடிப்புள்ளது, காயவே காயாது. ஆனால் குளிரில் கெட்டியாகிவிடும். அதை இளக்கும் அளவுக்குச் சின்ன விரல்களுக்குப் பலம் போதாது. நான் இளக்கிக் கொடுத்து முடிப்பதற்குள் வகுப்பு முடிந்துவிட்டது.

இனி களிமண். மழலையர் பள்ளி என்பதையே தொடங்கிவைத்த ஃபிரோபெல், 1837-ல் ஜெர்மனியில் தன் பள்ளியைத் திறந்தவர், பிள்ளைகளுக்கு வகுத்த வேலைகளில் காகித மடிப்பு, பின்னல் ஆகியவற்றோடு மண் பிசைவதும் இருந்தது. ஆனால் நான் இதற்கு மாறியது அவருக்காக இல்லை. பராமரிப்புக்காக.

களிமண் என்றால் கழுவித் தீராது என்று நானும் பயந்தேன். அந்தப் பயம் போக ஒரு மாதம் ஆனது. இப்போது வகுப்பு நடக்கும் விதம் இதுதான். மூடி போட்ட வாளியில் உருண்டைகள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் இரு கைக்குள் அடங்கும் அளவு. சாக்குத்துணி சுற்றிய பலகை ஆளுக்கு ஒன்று, துணியில் மண் ஒட்டாது. ஈரப் பஞ்சு ஆளுக்கு ஒன்று. தண்ணீர்க் கிண்ணம் கிடையாது, வைத்தால் பத்து நிமிஷத்தில் எல்லாம் சேறாகிவிடும். ஐந்து நிமிஷத்தில் எல்லோர் முன்னும் மண் வந்துவிடும். பிறகு சுமார் 28 நிமிஷம் வேலை அவர்களுடையது. நான் நடுவில் உட்கார்ந்திருப்பேன், கேட்டால் பேசுவேன்.

முடிந்ததும் செய்ததை அவர்களே பிசைந்து மறுபடி உருண்டையாக்குவார்கள். கட்டைவிரலால் நடுவில் ஒரு குழி குத்துவார்கள், நான் அதில் ஒரு கரண்டி தண்ணீர் விடுவேன். உருண்டைகள் வாளிக்குள் போகும், மேலே ஈரத்துணி, மூடி. அடுத்த வகுப்புக்குள் அந்தத் தண்ணீரை மண் குடித்துப் பதமாகிவிடும். குழி குத்துவதற்காகவே ஓடிவரும் பிள்ளைகள் உண்டு.

காய்ந்து போனாலும் வீணில்லை. இதில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: அரைகுறையாகக் காய்ந்த மண் தண்ணீரில் சீக்கிரம் கரையாது. முழுக்கக் காயவிட்டு, துணிக்குள் வைத்து உடைத்து, தண்ணீரில் போட்டால் தானே உதிர்ந்து கூழாகும். மேலே நிற்கும் தண்ணீரை இறுத்துவிட்டு, கூழைத் துணிமேல் பரப்பி, கையில் ஒட்டாத பதம் வரும்போது பிசைந்துகொள்ளலாம். வருஷ ஆரம்பத்தில் வாங்கிய மண்ணையேதான் வருஷக் கடைசிவரை வைத்திருந்தேன். பெயின்ட் நான்கு தடவை வாங்கினேன், மாவு எத்தனை தடவை பிசைந்தேன் என்று கணக்கே இல்லை.

கழுவுவதில் இரண்டு விதி. கையை நேராகக் குழாயடியில் கழுவக் கூடாது, மண் இறங்கிக் குழாய் அடைத்துக்கொள்ளும். முதலில் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு அப்புறம் குழாய்க்குப் போக வேண்டும். தொட்டியில் அடியில் தங்கும் மண் மறுபடி வாளிக்கு. இரண்டாவது, காய்ந்த மண்ணைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது. அந்தத் தூளில் சிலிக்கா இருக்கிறது, மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். இதில் சமரசம் வேண்டாம்.

இப்படிச் செலவாகாத மண்ணால் பிள்ளைகளிடம் ஒரு மாற்றம் வந்தது. சரியாக வரவில்லை என்றால் அழுவதில்லை, கலைத்துவிட்டு மறுபடி செய்கிறார்கள். பெயின்டில் தாளைக் கிழித்துப்போட்டு அழுத ஒரு பையன், மண்ணில் ஒரே வகுப்பில் ஒரு பூனையை ஏழு தடவை செய்தான். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழாவது நின்றது. நின்ற பூனையையும் அவனே பிசைந்து உருண்டையாக்கி, குழி குத்தி, என்னிடம் நீட்டினான்.

குறைகளும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போக எதுவும் இருக்காது. பெற்றோர் கேட்பார்கள், கேட்பது நியாயமும்கூட. வெள்ளிக்கிழமை செய்வதை மட்டும் கலைக்காமல் காயவைத்துக் கொடுக்கிறேன். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இருந்தால் பெரும்பாலும் வெடித்துவிடுகிறது. கை, கால், வால் வெறுமனே ஒட்டவைத்தால் காய்ந்ததும் கழன்று விழும். இரண்டு பக்கமும் கீறிவிட்டு, நடுவில் மண்குழம்பு தடவி அழுத்த வேண்டும். நிறம் என்பதே கிடையாது, அதற்குப் பெயின்டிடம்தான் போக வேண்டும். காய்ந்த பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கும் நாள்தான் எங்கள் வகுப்பில் அதிகக் குதூகலம்.

ஈரமண்ணைத் தொடவே மாட்டேன் என்ற பிள்ளைகள் இருவர் இருந்தார்கள். ஒருவனுக்குக் குச்சி கொடுத்தேன். மூன்று வாரம் குத்திக்கொண்டே இருந்துவிட்டு ஒருநாள் விரலை வைத்தான். இன்னொருத்தி கடைசிவரை தொடவில்லை, அவளுக்கு மாவு கொடுத்தேன். இரண்டு பேரை வைத்துப் பொதுவாக எதுவும் சொல்ல முடியாது. சூளையில் சுட்டது ஒரே ஒரு தடவை, அதிலும் பாதி வெடித்தது. அதனால் அதைப் பற்றி யோசனை சொல்லும் நிலையில் நான் இல்லை. மூன்று வயதுப் பிள்ளைகளோடு எனக்குப் பழக்கம் குறைவு, பார்த்தவரையில் அவர்களுக்கு மாவே பொருத்தமாகத் தெரிகிறது.

வீட்டில் ஒரே ஒரு பிள்ளை என்றால் என் கணக்கு அப்படியே பொருந்தாது. காயவைக்க ஒரு தாள்தான், கழுவ ஒரு தூரிகைதான். அங்கே பெயின்டுக்கு என் வாக்கு கூடவே விழும்.

மண்ணுக்கே வருவது என்றால், மட்பாண்டம் செய்பவர்களிடம் பிசைந்த மண்ணாகக் கேட்டு வாங்குங்கள். தோட்டத்தில் தோண்டினால் கல்லும் கண்ணாடித் துண்டும் இருக்கும், சலிக்காமல் கொடுக்கக் கூடாது. 20 பேருக்குப் பத்துக் கிலோ போதும். முதல் இரண்டு வாரம் குச்சி, சீப்பு, கரண்டி எதையும் வெளியே எடுக்காதீர்கள். கையாலேயே குத்தட்டும், கிள்ளட்டும், அறையட்டும். மூன்றாவது வாரம் ஒரே ஒரு குச்சி வையுங்கள்.