21 பிள்ளைகள், 2 டீச்சர்: எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளி எப்படி இருக்கிறது?

நெல்லை மாவட்டம் முக்கூடல் பக்கம் எங்கள் ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜூன் மாதம் பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் நகல் எடுக்க வருகிறவர்களிடம் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் வேன் வருகிற பள்ளிக்கூடத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். முந்தின வருஷம் வரை நானும் அந்தக் கூட்டம்தான். இரண்டாம் வகுப்புக்கு மகளை ஊருக்குள் இருக்கிற ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு மாற்றினேன். இப்போது மூன்றாம் வகுப்பு. கேட்கிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன்.

ஹெச்.எம். அறைக் கரும்பலகையில் வகுப்புவாரியாகக் கட்டம் போட்டு எழுதியிருக்கிறார்கள். ஒன்று 5, இரண்டு 6, மூன்று 3, நான்கு 0, ஐந்து 7. ஆக மொத்தம் 21. அந்த நாலாம் வகுப்பு சைபரைச் சாக்பீஸால் நல்ல வட்டமாகப் போட்டிருந்தார்கள். இதே கட்டடத்தில் நான் படித்தபோது எங்கள் வகுப்பில் மட்டும் 38 பேர், பெஞ்சு பத்தாமல் பாதிப் பேர் தரையில்தான் உட்கார்ந்தோம். எங்கள் வீட்டில் நாங்கள் நாலு பேர், என் மகள் ஒற்றைப் பிள்ளை. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தைதான் என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பும் சொல்கிறது. எல்லாரும் வேனைத் திட்டுகிறோம். வேன் கொண்டுபோனது பாதிப் பேரைத்தான், மீதிப் பாதி பிறக்கவே இல்லை.

சரி, படிப்புக்கு வருவோம். முன்பு இருந்த பள்ளியில் ஒரு செக்‌ஷனில் 44 பேர். நோட்டு முழுக்க டிக் இருக்கும், தப்பாகப் போட்ட கணக்குக்கும் டிக். இங்கே சேர்த்த இரண்டாம் வாரமே டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "கழித்தல்ல கடன் வாங்குதா, ஆனா கொடுத்த வீட்டுல கொறைக்க மாட்டேங்கா" என்றார். 52இல் 27ஐக் கழித்தால் 35 என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளையும் கொஞ்சம் புளியங்கொட்டையையும் வைத்து, ஒரு கட்டைப் பிரித்துப் பிரித்து அவளையே எண்ண வைத்திருக்கிறார். நாலு நாளில் சரியாகிவிட்டது. 44 பேர் இருக்கிற வகுப்பில் இதை யார் கண்டுபிடிப்பார்கள்? ஒன்று முதல் மூன்று வரை ஒரே அறைதான். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் வகுப்பைப் பார்க்காமல், தெரிந்த அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறார்கள். என் மகள் மொட்டில் ஆரம்பித்தாள்.

காலைச் சாப்பாடு 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துவிட்டது. புதன்கிழமை பொங்கல், அன்றைக்கு வீட்டில் தோசையைத் தொட மாட்டாள். எட்டு மணிக்குக் கடை திறக்கிற எனக்கு இது பெரிய உதவி.

இனி குறை. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால்தான் மூன்றாவது ஆள். 21 பேருக்கு இரண்டு டீச்சர் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாலாம் வகுப்பை விட்டாலும் வகுப்பு நாலு ஆயிற்றே! ஹெச்.எம். மீட்டிங், பயிற்சி என்று கிளம்பிவிட்டால் எல்லா வகுப்புக்கும் ஒரே டீச்சர். அவரும் கொஞ்ச நேரம் போனில், எமிஸ் என்கிற அரசின் பள்ளித் தகவல் தளத்தில் பதிவேற்றிக்கொண்டிருப்பார். அன்றைக்குப் பிள்ளைகள் பார்த்து எழுதுவதோடு சரி. போன டிசம்பரில் ஒரே வாரத்தில் மூன்று நாள் இப்படிப் போனது, எனக்குக் கோபமே வந்துவிட்டது.

அப்புறம், துணை இல்லை. அவள் வகுப்பில் இவள் ஒருத்தி, பையன்கள் இரண்டு பேர். காலாண்டில் ரெண்டாவது மார்க் என்று என் மாமியார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார், எத்தனை பேரில் என்று நான் வாய் திறக்கவில்லை. கபடிக்குப் பக்கத்துக்கு ஏழு பேர் சேர்க்க இரண்டாம் வகுப்புப் பொடிசுகளையும் இழுத்துவர வேண்டியிருக்கிறது.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுப்பேன். மூன்றாம் வகுப்பு வரை தைரியமாகச் சேர்க்கலாம். நாலு, ஐந்துக்கு என்ன செய்வது என்று நானே யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சேர்ப்பதாக இருந்தால் ஆகஸ்ட் 1க்குள் சேருங்கள், அன்றைய எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் கணக்கு. அதற்காகத்தான் இரண்டு டீச்சரும் மே மாத வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள்.

போன வாரம் அந்த இரண்டு பையன்களில் ஒருவனுடைய அப்பா டி.சி.யை நகல் எடுக்கக் கடைக்கு வந்தார். எடுத்துக் கொடுத்துவிட்டு, "ஏன் அண்ணாச்சி?" என்றேன்.

"வேன் வாசலுக்கே வருதுல்லா, தங்கச்சி" என்றார். அவர் வீடு பள்ளிக்கூடத்துக்கு அடுத்த தெரு.