ஃபோம், உலோகப் படலம், செயற்கை இழை: எடை குறைந்த வெப்பக்காப்புப் பாய்களில் எதைத் தேர்ந்தெடுப்பது?

பல நாள் மலைநடைக்குப் பொருள்களைத் திரட்டும்போது பலரும் ஸ்லீப்பிங் பேக்கைப் பற்றி நெடுநேரம் யோசித்துவிட்டு, அதன் அடியில் விரிக்கும் பாயை எடையை மட்டும் பார்த்து வாங்கிவிடுகிறார்கள். உடலுக்கு மேலே இருக்கும் இறகோ இழையோ உப்பி நின்று காற்றைப் பிடித்து வைப்பதால்தான் ஸ்லீப்பிங் பேக் கதகதப்பைத் தருகிறது. உடலுக்குக் கீழே அதே இறகு நம் எடையால் நசுங்கிக் கிடப்பதால், தரைக்குப் போகும் வெப்பத்தைத் தடுக்கும் வேலை ஏறத்தாழ முழுவதும் பாயின் மேல் விழுகிறது. ஸ்லீப்பிங் பேக்கின் மேல் அச்சிடப்படும் வெப்பநிலை எண்ணும் ஐஎஸ்ஓ 23537 தர முறையின்படி, நல்ல வெப்பக்காப்புள்ள ஒரு பாயின் மீது வைத்துச் சோதித்துப் பெற்றதே. ஆகவே பூஜ்ஜிய டிகிரிக்கு என்று குறிக்கப்பட்ட பையை மெல்லிய பாயின் மேல் விரித்துவிட்டு, பை தரமற்றது என்று குறைப்படுவதில் நியாயமில்லை.

பாய்களை ஒப்பிடுவதற்கான முதன்மை அளவுகோல் ஆர் மதிப்பு. வெப்பம் கடந்து போவதை ஒரு பொருள் எவ்வளவு எதிர்க்கிறது என்பதை அது சொல்கிறது. எண் கூடக்கூடக் காப்பும் கூடும். ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய முறையில் இதை அளந்து வெளியிட்டதால், இரு நிறுவனங்களின் எண்களை அருகருகே வைப்பதில் பொருளே இல்லாமல் இருந்தது. 2018-இல் வகுக்கப்பட்ட ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்னும் சோதனை முறையை முன்னணி நிறுவனங்கள் 2020 வாக்கில் ஏற்றுக்கொண்ட பிறகே இந்தக் குழப்பம் தீர்ந்தது. பாயை ஒரு சூடான தட்டுக்கும் ஒரு குளிர்ந்த தட்டுக்கும் இடையே வைத்து, சூடான தட்டின் வெப்பநிலையைத் தக்கவைக்க எவ்வளவு ஆற்றல் தேவைப்படுகிறது என்பதை அளப்பதே இம்முறை. பழைய பாய் ஒன்றை இரண்டாம் கையாக வாங்குபவர்கள், அதன் மேல் உள்ள எண் இந்த முறைக்கு முந்தையதா பிந்தையதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

அந்த எண் உடலுக்கு என்ன செய்கிறது என்பதைச் சிறிய கணக்கொன்றால் காணலாம். அமெரிக்க அலகில் சொல்லப்படும் ஆர் மதிப்பை 5.678-ஆல் வகுத்தால் மெட்ரிக் அலகுக்கு வந்துவிடும். தோலின் வெப்பநிலை 33 டிகிரி, தரை 0 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஆர் 2 உள்ள பாயின் வழியே ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறத்தாழ 94 வாட் வெப்பம் வெளியேறும். ஆர் 4 என்றால் அது 47 வாட்டாகக் குறையும், ஆர் 7.3 என்றால் 26 வாட். முதல் தாவலில் 47 வாட் மிச்சமாகிறது. அதைவிடப் பெரிய இரண்டாம் தாவலில் 21 வாட்தான் மிச்சமாகிறது. உறங்கும் மனித உடல் உண்டாக்கும் வெப்பமே மொத்தம் எழுபது, எண்பது வாட் அளவில்தான் இருக்கும் என்பதால், குறைந்த மதிப்பிலிருந்து நடு மதிப்புக்கு ஏறுவது உறக்கத்தையே மாற்றிவிடும். நடு மதிப்பிலிருந்து மிக உயர்ந்த மதிப்புக்கு ஏறுவதோ பனித்தரையில் படுப்பவருக்கு மட்டுமே தேவைப்படுவது.

என் கணிப்பில், இரவிலும் 10 டிகிரிக்குக் கீழே இறங்காத இடங்களுக்கு ஆர் 2 போதும். உறைநிலையை ஒட்டிய இரவுகளுக்கு 4 முதல் 5 வரை வேண்டும். பனியின் மேல் கூடாரம் அடிப்பவர்களுக்கு 6-க்குக் குறையக் கூடாது. எளிதில் குளிர் ஏறும் உடல்வாகு உள்ளவர்கள் இதில் ஒன்றைக் கூட்டிக்கொள்வது நல்லது.

இனி வகைகளுக்கு வருவோம். மூடிய துளைகள் கொண்ட ஃபோம் பாய்தான் மிக எளிமையானது. பரவலாகப் பயன்படும் தெர்மரெஸ்ட் இசட் லைட் சோல் 410 கிராம் எடையும் 2 செ.மீ. தடிமனும் ஆர் 2.0 மதிப்பும் கொண்டது. அதே நிறுவனத்தின் காற்றுப் பாயான நியோஏர் எக்ஸ்லைட் என்எக்ஸ்டி சுமார் 370 கிராம் எடையில், 7.6 செ.மீ. தடிமனில், ஆர் 4.5 மதிப்பைத் தருகிறது. ஃபோம் பாய்தான் எடை குறைந்தது என்று இன்னும் பலர் நம்பிக்கொண்டிருப்பதால் இந்த இரு வரிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: காற்றுப் பாய் எடையிலும் குறைவு, வெப்பக்காப்பிலும் இரு மடங்குக்கு மேல், மடித்தால் கையில் அடங்கும் குடுவை அளவுக்குச் சுருங்கியும் விடுகிறது.

அப்படியிருந்தும் ஃபோமை ஒதுக்கிவிட முடியாது. அது பஞ்சர் ஆகாது. முள்ளின் மேலும் கல்லின் மேலும் யோசிக்காமல் விரிக்கலாம். நடை நடுவில் பத்து நிமிடம் கால் நீட்டி உட்கார அதை எடுத்துப் போடுவதற்கு யாரும் தயங்குவதில்லை. தோளிலிருந்து இடுப்பு வரைக்குமாக அதை வெட்டிக்கொண்டு, காலடியில் காலியான முதுகுப் பையை விரித்துப் படுப்பவர்கள் எடையைப் பாதியாக்கிவிடுகிறார்கள். மல்லாந்து படுத்து உறங்கும், வெயில் காலத்தில் மட்டும் நடக்கும் ஒருவருக்கு இதைவிடச் சிறந்த தேர்வு இல்லை. ஒருக்களித்துப் படுப்பவருக்கோ இடுப்பெலும்பும் தோளும் சில மணி நேரத்திலேயே தரையை உணரத் தொடங்கிவிடும். தவிர, இடுப்பு படும் பகுதியில் மேடுபள்ளங்கள் நாளடைவில் தட்டையாகி, காப்பும் மெல்ல மெல்லக் குறையும்.

காற்றுப் பாய்களில் உண்மையான போட்டி, உள்ளே வெப்பத்தை எவ்வாறு தடுக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. வெறும் காற்று அடைத்த பாய் தடிமனாக இருந்தாலும் குளிரும். நாம் புரளும்போதெல்லாம் உள்ளிருக்கும் காற்று நகர்ந்து, கீழ்ப்புறக் குளிரை மேலே கொண்டுவந்து சேர்க்கிறது. எக்ஸ்லைட் இதற்கு, உள்ளே முக்கோண அறைகளை இரண்டு அடுக்காக அமைத்துக் காற்றின் ஓட்டத்தைத் தடுத்து, வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும் உலோகப் பூச்சுள்ள படலங்களையும் சேர்த்திருக்கிறது. நீமோ நிறுவனத்தின் டென்சர் பாய்களும் அத்தகைய படலங்களையே பயன்படுத்துகின்றன. ஆனால் அவற்றை உள்ளே தொங்கவிட்டிருப்பதால், புரளும்போது எழும் சரசரப்பு குறைவு. எக்ஸ்லைட்டின் பழைய வடிவங்கள் இந்த ஒலிக்குப் பெயர்போனவை. என்எக்ஸ்டி வடிவத்தில் அது வெகுவாகத் தணிந்திருக்கிறது என்றாலும் டென்சர் அளவுக்கு அமைதி இன்னும் வரவில்லை.

எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் டென்சர் ஆல்-சீசன் முந்துகிறது: ஆர் 5.4, தடிமன் ஏறத்தாழ 9 செ.மீ., எடையோ எக்ஸ்லைட்டைவிடச் சில பத்து கிராம்தான் கூடுதல். துணியைத் தொட்டுப் பார்க்கும்போது கணக்கு மாறுகிறது. எக்ஸ்லைட் 30 டெனியர் நைலானால் ஆனது. டென்சரின் துணி 20 டெனியர் பாலியெஸ்டர். டெனியர் என்பது நூலின் பருமனைக் குறிப்பது என்பதால், இரண்டில் மெல்லியது எது என்பதில் ஐயமில்லை. கூடாரத்தின் அடித்தளத் துணி மேல் விரித்து, இன்னொருவரோடு இடத்தைப் பகிர்ந்துகொண்டு உறங்குபவருக்கு டென்சரையே பரிந்துரைப்பேன். பக்கத்தில் படுத்திருப்பவரின் உறக்கத்தையும் அது காக்கிறது. கூடாரம் இல்லாமல், தலைக்கு மேல் ஒரு தார்ப்பாயை மட்டும் கட்டிக்கொண்டு சருகும் சரளைக்கல்லும் கிடக்கும் தரையில் படுப்பவர் எக்ஸ்லைட்டின் பக்கம் நிற்பதே விவேகம்.

மூன்றாவது வழி, காற்றறைகளுக்குள் செயற்கை இழையை ஒட்டி வைப்பது. சீ டு சம்மிட் நிறுவனத்தின் ஈதர்லைட் எக்ஸ்டி இன்சுலேட்டட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: 490 கிராம் எடை, 10 செ.மீ. தடிமன், ஆர் 3.2. படலம் வைத்த பாய்களோடு ஒப்பிட்டால் கூடுதல் எடைக்குக் குறைந்த காப்பே கிடைக்கிறது. ஆனால் படுத்தால் கிடைக்கும் சுகத்தில் இதற்கு நிகரானவை குறைவு, சரசரப்பும் இல்லை. முதுகு வலியுள்ளவர்களும், ஒருக்களித்து மட்டுமே உறங்க முடிந்தவர்களும் 120 கிராமுக்காக இதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. எந்தக் காற்றுப் பாயையும் வாயால் ஊதுவது நல்லதன்று. இழை உள்ளவற்றிலோ அது கண்டிப்பாகக் கூடாது, ஏனெனில் மூச்சின் ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சை பிடிக்க வாய்ப்புண்டு. காற்றடைக்கும் பையைச் சேர்த்து எடுத்துச் செல்வதோடு, வீடு திரும்பியதும் வால்வைத் திறந்துவைத்து, பாயைச் சுருட்டாமல் விரித்தே வைப்பது நல்லது.

தானாகக் காற்றை இழுத்துக்கொள்ளும் ஃபோம் உள்ள பாய்கள் 1970-களில் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தவை என்றாலும், எடையைக் குறைக்க நினைப்பவருக்கு இன்று அவை பொருந்துவதில்லை. தெர்மரெஸ்ட் ப்ரோலைட் 510 கிராமுக்கு ஆர் 2.4 மட்டுமே தருகிறது.

தடிமனைப் பற்றிய எண்ணை அப்படியே நம்பிவிடாமல் கடையிலோ வீட்டிலோ ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பாயை முழுதாக ஊதி, பிறகு ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு, உடலின் எடையை ஏற்றது போல் உணரும்வரை காற்றைச் சிறிது சிறிதாக வெளியே விட வேண்டும். அந்த நிலையில் இன்னொருவரை இடுப்புக்கு நேர் கீழே, பாய்க்கும் தரைக்கும் இடையே விரல்களை நுழைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். இடுப்பெலும்பின் அழுத்தம் விரலில் தெளிவாகப் பட்டால் அந்தப் பாய் உங்களுக்குப் போதாது. கூடவே கைகள் எங்கே கிடக்கின்றன என்றும் பார்க்க வேண்டும். வழக்கமான அகலம் 51 செ.மீ.; மல்லாந்து படுக்கும் பெரும்பாலோரின் முழங்கைகள் இதிலிருந்து வழிந்து தரையைத் தொடும். 64 செ.மீ. அகலமுள்ள வடிவம் ஏறக்குறைய 80 முதல் 100 கிராம் வரை கூடுதல் எடை கொண்டது. எடையைக் கிராம் கிராமாகக் குறைப்பவர்கள் இதை ஆடம்பரம் என்பார்கள். தரையைத் தொட்டுக் குளிர்ந்த முழங்கையோடு விழித்துக் கிடப்பதைவிட இந்தக் கிராம்களைச் சுமப்பது மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை.

பழுதுகளும் ஒரே தன்மையுடையவை அல்ல. ஊசித்துளை பஞ்சர் ஓடைக்கரையில் உட்கார்ந்தே சரிசெய்யக்கூடியது: பாயை இறுக ஊதி, பகுதி பகுதியாக நீரில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தைக் குறித்துக்கொண்டு, நன்றாக உலர்த்தி, ஒட்டுத்துண்டை அழுத்த வேண்டும். வால்வின் ரப்பர் வளையத்தில் ஒரு மணல்துகள் சிக்கியிருந்தாலும் காற்று இறங்கும் என்பதால், துளையைத் தேடும் முன் அதைத் துடைத்துப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். உள்ளறைகளின் ஒட்டு விட்டுப்போய்ப் பாய் ஓரிடத்தில் புடைப்பதோ வேறு வகை. அதை வழியில் சரிசெய்ய இயலாது. இறுக ஊதிய பாயை நண்பகல் வெயிலில் மூடிய கூடாரத்துக்குள் விட்டுவிட்டுப் போவது இதற்கு வழிகோலும். மாறாக, மாலையில் 25 டிகிரியில் ஊதிய பாய் நள்ளிரவில் 0 டிகிரியை எட்டும்போது உள்ளிருக்கும் காற்று சுமார் எட்டு விழுக்காடு சுருங்குகிறது. பாய் தளர்ந்திருப்பதைப் பஞ்சர் என்று நினைத்துப் பதற வேண்டாம், படுக்கும் முன் சற்றே காற்றைச் சேர்த்தால் போதும்.

கடுங்குளிருக்குப் போகிறவர்கள் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, சுமார் 450 கிராம் எடையில் ஆர் 7.3 தரும் நியோஏர் எக்ஸ்தெர்ம் என்எக்ஸ்டி. அதன் அடிப்பகுதித் துணி 70 டெனியர் என்பதால் எக்ஸ்லைட்டைவிட உறுதியானது. மற்றொன்று, ஆர் மதிப்புகள் ஒன்றோடொன்று கூடும் என்ற இயல்பைப் பயன்படுத்தி, எக்ஸ்லைட்டுக்கு அடியில் இசட் லைட் சோலை விரித்து 6.5-ஐ எட்டுவது, மொத்த எடை 780 கிராம். தனிப் பாய் எடையிலும் காப்பிலும் வெல்கிறது என்பது வெளிப்படை. ஆயினும் பனித்தரையில் அந்த ஒரே பாய் காற்று இறங்கிவிட்டால் உடலின் அடியில் எஞ்சுவது இரண்டு துணி அடுக்குகள் மட்டுமே. ஃபோம் இருந்தால் ஆர் 2 எப்படியும் மிஞ்சும். உதவி கிடைக்க ஒரு நாளுக்கு மேல் ஆகக்கூடிய இடங்களுக்கு நான் இரண்டடுக்கையே தேர்ந்தெடுப்பேன், அல்லது எக்ஸ்தெர்மோடு ஃபோம் பாயில் பாதியை வெட்டி எடுத்துச் செல்வேன். ஃபோமை அடியில் போட்டால் காற்றுப் பாய்க்கு அது காவலாகும். இரவில் காற்றுப் பாய் வழுக்கி விலகினால், ஃபோமை அதன் மேலே போட்டுப் படுத்தாலும் வெப்பக்காப்பில் குறைவு வராது.